குழந்தைகளை வண்டியிலிருந்து இறக்க ஓரிடம் கொடுங்கள்: மலை நகர நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மலை நகர நிர்வாகத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

மலைப்பாதையின் நடுவில் இருந்த ஓய்விடத்தை மூடிவிட்டீர்கள். காட்சிமுனையில் இருந்த பாலூட்டும் அறையை நுழைவுச்சீட்டு கவுன்ட்டராக மாற்றிவிட்டீர்கள். முதலாவதற்கு நெரிசல் காரணம் என்றும், இரண்டாவதற்குப் பயன்பாடு குறைவு என்றும் சொல்கிறீர்கள். இந்த இரண்டு முடிவுகளையும் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்தவளுக்கு மூன்று வயது, இளையவனுக்கு ஐந்து மாதம். குடும்பத்தோடு உங்கள் ஊருக்கு வந்து திரும்பியிருக்கிறேன். எங்களுக்கு நேர்ந்தது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வழியெல்லாம் எங்களைப் போன்ற குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அதனால்தான் இதைத் தனிப் புகாராக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வளைந்து வளைந்து ஏறும் வண்டியில் ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை முடிவெடுத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒவ்வொரு வளைவையும் உணர்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கோ முன்சீட்டின் முதுகு மட்டுமே தெரிகிறது, அது அசைவதில்லை. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, வயிறு புரட்டத் தொடங்குகிறது. 2 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். முகம் வெளுக்கும், எச்சில் ஊறும், சளசளவென்று பேசிக்கொண்டு வந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிடும். வண்டியை நிறுத்திப் பிள்ளையைக் கீழே இறக்கி, காற்றாட நிற்கவைத்து, தூரத்தைப் பார்க்கச்சொன்னால் பெரும்பாலும் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். மருந்து உண்டுதான். ஆனால் அதை வயதும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். இறக்கி நிற்கவைக்க எந்த மருந்துச்சீட்டும் வேண்டாம், ஓர் ஓரம் போதும்.

என் மகள் "அம்மா, வாயெல்லாம் தண்ணியா வருது" என்று சொன்னபோது நாங்கள் அந்தப் பழைய ஓய்விடத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். முன்பு அங்கே நிறுத்துவோம் என்று ஓட்டுநர் சொன்னார். பக்கத்தில் போனதும் நுழைவாயிலின் குறுக்கே சங்கிலி தொங்கியது. உள்ளே கூரை அப்படியே இருக்கிறது. சிமெண்ட் பெஞ்சுகள் இருக்கின்றன. குழாயும் இருக்கிறது. வண்டி நிற்க மட்டும் அனுமதி இல்லை. "இனிமே மேல போய்த்தான்க்கா நிறுத்த முடியும், இங்க நின்னா பின்னாடி வர்றவங்க விடமாட்டாங்க" என்றார் அவர். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தடுப்புச்சுவர், பின்னால் ஹாரன் சத்தம். அடுத்த வளைவு முடிவதற்குள் அவள் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். சட்டை, கால்சட்டை, இருக்கைப் பட்டை எல்லாம் நனைந்துவிட்டன.

சமவெளியில் இது துடைத்துவிட்டுப் போகிற விஷயம். மலையில் அப்படியல்ல. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஈரத் துணியோடு இருக்கும் சின்ன உடம்பு பெரியவர்களின் உடம்பைவிட வேகமாகக் குளிர்ந்துபோகும். கைக்குழந்தையாக இருந்தால் இன்னும் மோசம். நடுங்கி நடுங்கித் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் திறன் அதற்கு இன்னும் சரியாக வந்திருக்காது. கடைசியில் சாலை சற்றே அகலமாக இருந்த ஒரு திருப்பத்தில் நிறுத்தினோம். என் கணவர் சாலைப் பக்கம் முதுகைக் காட்டி மறைத்து நின்றார், நான் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி அவளுக்கு உடை மாற்றினேன். ஒரு பெரிய பேருந்து அவர் சட்டையை உரசாத குறையாகத் திரும்பிப்போனது. நெரிசலைக் குறைக்க ஓய்விடத்தை மூடினோம் என்கிறீர்கள். வண்டிகள் நிற்பது நின்றுவிடவில்லை. நிற்கக்கூடாத இடத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

சிறுநீர் விஷயத்தையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு ஏறக்குறைய 120 முதல் 150 மில்லி. ஒரு சின்ன டம்ளர். குளிர் ஏற ஏற இன்னும் அடிக்கடி வரும். இப்போதுதான் டயப்பரை விட்டிருக்கும் பிள்ளை, வருகிறது என்று சொன்னால் சில நிமிடம்தான் பொறுக்கும். விடுமுறை நாளில் உங்கள் மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்கின்றன. அந்த வரிசையில் சிக்கிய அம்மாக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தடுப்புச்சுவர் ஓரமாக நடந்துபோய்ப் பாருங்கள். டயப்பர்கள் சரிவு முழுக்கக் கிடக்கின்றன. 'குப்பை போடாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழேயும் கிடக்கின்றன. தொட்டி எங்கும் இல்லை. டயப்பரில் பாதிக்குமேல் பிளாஸ்டிக்கும் நீர் உறிஞ்சும் பொடியும்தான், மழை பெய்தால் அது ஓடைக்குப் போகிறது. வீசியவர்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஓய்விடத்தில் இருந்த தொட்டியை எடுத்து, கழிப்பறையை மூடியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமானது.

என் மகனுக்கு ஐந்து மாதம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் மருத்துவரும் அதையே சொன்னார். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவனுக்குப் பசிக்கும். மலை ஏறும்போது காற்றழுத்தம் குறைந்துகொண்டே போவதால் காது வேறு அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ சரிசெய்துகொள்வோம். கைக்குழந்தைக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகியதாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கும், அடைப்பைத் திறக்க அதற்கு எளிதான வழி பால் குடிப்பது. ஆகவே மலைப்பாதையில் அழும் குழந்தைக்கு நிறுத்திப் பால் கொடுப்பது பசிக்கும் மருந்து, காதுக்கும் மருந்து.

நிறுத்த இடமில்லை என்றால் தாய் என்ன செய்வாள்? ஓடும் வண்டியில் குழந்தையை இருக்கைப் பட்டையிலிருந்து அவிழ்த்து மடியில் போட்டுக்கொள்வாள். எங்களுக்கு முன்னும் பின்னும் போன வண்டிகளில் அதைத்தான் பார்த்தேன். குழந்தைக்கான தனி இருக்கை விபத்தில் கைக்குழந்தைகள் இறப்பதைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று சாலைப் பாதுகாப்புத் துறையினர் ஊர் ஊராகச் சொல்லிவருகிறார்கள். அந்த இருக்கையில் குழந்தை கட்டாயம் இருக்க வேண்டிய இடம், ஒரு பக்கம் பள்ளம் உள்ள கொண்டை ஊசி வளைவுதான். அங்கேதான் அவனை வெளியே எடுக்கும்படி எங்களை வைத்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. அவன் தொண்டை கட்டும் வரை அழுதான். ஒரு தாய்க்கு முன்னால் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று வைப்பது நியாயமா என்று உங்களைக் கேட்கிறேன்.

காட்சிமுனையை அடைந்ததும் பாலூட்டும் அறையைத் தேடினேன். பழைய வழிகாட்டிப் பலகை இன்னும் அதே திசையைக் காட்டுகிறது. போய்ப் பார்த்தால் கவுன்ட்டர். சுவரில் தாயும் சேயுமாக வரைந்திருந்த படத்தை யாரும் அழிக்கவில்லை, அதன்மேலேயே கட்டண விவரத்தை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக, குழந்தையைக் கிடத்தி உடை மாற்றும் மேடை தெரிந்தது. அதில் டிக்கெட் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

பயன்பாடு குறைவு என்ற காரணத்தைப் பற்றி அங்கேயே ஒரு பெண்மணியிடம் பேசினேன். காட்சிமுனைக்குப் பக்கத்தில் சிறு கடை வைத்திருப்பவர், இந்த ஊர்க்காரர். அவருடைய பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அந்த அறையில்தான் பால் கொடுத்தாராம். "எப்பவும் பூட்டியே வெச்சிருப்பாங்கம்மா. சாவி கீழ பார்க்கிங் ஆபீஸ்ல இருக்கும். நான் இங்கயே இருக்கறதால போய் வாங்கிட்டு வருவேன். வெளியூர்க்காரங்க எங்க போயி கேப்பாங்க?" என்றார். பூட்டிய கதவை வைத்துக்கொண்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை தேவையின் அளவல்ல. எத்தனை பேர் சாவி தேடிப் போகத் துணிந்தார்கள் என்பதன் அளவு.

அவர் சொன்னதில் இன்னொன்றும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது அங்கே வேலை செய்யும் இளம் தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறார்கள். மலைக் கிராமங்களிலிருந்து தடுப்பூசிக்கும் மருத்துவமனைக்கும் கைக்குழந்தையோடு இறங்கி ஏறுபவர்களும் இதே பாதையில்தான் போகிறார்கள். நான் சில நாள் வந்துபோகிறவள். அவர்களுக்கு இது அன்றாடம். ஓய்விடத்தைச் சுற்றுலாப் பயணிகளின் வசதி என்று எழுதி மூடியபோது, உங்கள் சொந்த ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்தே மூடிவிட்டீர்கள்.

காட்சிமுனையின் கம்பித் தடுப்பையும் சொல்ல வேண்டும். கம்பிகள் கிடைமட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. என் மகள் இரண்டாவது கம்பியில் கால் வைத்த பிறகுதான் அவள் அப்பா பிடித்தார். கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் என் இரண்டு கைமுட்டிகளை அடுக்கி வைத்துப் பார்த்தேன், தாராளமாக நுழைந்தன. பல நாடுகளின் கட்டட விதிகள் தடுப்பில் 10 சென்டிமீட்டரை ஒட்டிய உருண்டைகூட நுழையக்கூடாது என்கின்றன. சின்னக் குழந்தையின் தலை அதில் நுழையக்கூடாது என்பதுதான் கணக்கு. கம்பிகள் செங்குத்தாக இருக்க வேண்டும், ஏறக் கால் வைக்க இடம் இருக்கக்கூடாது. பக்கத்திலேயே செல்ஃபி மேடை புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. பணம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் விடுதிகளுக்கு உரிமம் தருவதும் நீங்கள்தான் என்பதால் அன்றிரவு நடந்ததையும் எழுதுகிறேன். அறை குளிர்ந்துகிடந்தது. ஹீட்டர் கேட்டோம். இல்லை என்றார்கள். சற்று நேரத்தில் ஒரு பையன் கனன்றுகொண்டிருந்த கரிச்சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "ஜன்னலைச் சாத்திக்குங்க, சூடு தங்கும்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். என் கணவர் உடனே அதை வராந்தாவுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் அதே ஆபத்துதான். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும்.

அதன் முதல் அறிகுறிகள் தலைவலி, மயக்கம், வாந்தி. 2500 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர ஒவ்வாமைக்கும் அதே அறிகுறிகள். மலைப்பாதை புரட்டலுக்கும் அதே வாந்தி. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தலை வலிக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளும். பகலில் வழியெல்லாம் வாந்தியெடுத்த பிள்ளை இரவிலும் எடுத்தால், எந்தப் பெற்றோரும் வழியில் வந்த தொல்லை இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்துப் போர்த்திப் படுக்கவைப்பார்கள். அந்த அறையில் கரிச்சட்டியும் இருந்தால் என்ன ஆகும்? விடுதி அறைகளில் கரிச்சட்டிக்குத் தடை போட எத்தனை உயிர் போக வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள்?

நான் நேரில் போய்ச் சொன்னபோது, "சின்னக் குழந்தைகளோடு வருபவர்கள்தான் தயாராக வர வேண்டும்" என்று உங்கள் அலுவலகத்தில் பதில் கிடைத்தது. தயாராகத்தான் வந்தோம். மாற்றுத் துணி, ஸ்வெட்டர், குல்லாய், டயப்பர், ஈரத் துணி, பிளாஸ்டிக் பைகள், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வெந்நீர் பிளாஸ்க், வெயிலுக்குத் தொப்பி எல்லாம் இருந்தன. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குளிரில் அது உறைக்காது என்பதுவரை தெரிந்துகொண்டு வந்தோம். பையில் எதையும் போட்டுக்கொண்டு வரலாம். வண்டியை நிறுத்திக் குழந்தையை இறக்க சமதரையைப் போட்டுக்கொண்டு வர முடியாது. அதைக் கொடுக்க உங்களால் மட்டுமே முடியும்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு வந்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் பொழுதுபோக்கும் குழந்தையின் உரிமை என்கிறது. இத்தனை வயதுக்கு மேல் என்று அதில் இல்லை. மகள் வாழ்நாளில் முதன்முதலாக மேகத்துக்குள் நின்றாள். கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், கை ஈரமானதும் என்னிடம் ஓடிவந்து காட்டினாள். மூன்று வயதில்தான் அப்படி ஓடிவரத் தோன்றும். உங்கள் விளம்பரப் பலகைகளிலும் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சிரிக்கும் சின்னப் பிள்ளையின் படத்தைத்தான் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையை வாருங்கள் என்று கூப்பிட்டது நீங்கள்.

ஆகவே கேட்கிறேன். மலைப்பாதை ஓய்விடத்தின் சங்கிலியை அடுத்த விடுமுறைக் காலம் தொடங்கும் முன் எடுங்கள். எல்லா வண்டிகளையும் விட இடம் போதாது என்றால் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் வண்டிகளை மட்டுமாவது 20 நிமிடம் நிற்க விடுங்கள், ஒழுங்குபடுத்த அங்கே ஓர் ஆளைப் போடுங்கள். கழிப்பறையைத் திறந்து குழாயில் தண்ணீர் வரச் செய்யுங்கள், மூடியுள்ள குப்பைத்தொட்டி வையுங்கள்.

காட்சிமுனையின் பாலூட்டும் அறையைத் திருப்பிக் கொடுங்கள். கவுன்ட்டருக்கு வேறு இடம் கிடைக்கும். அறைக்கு வெளிப்பூட்டு வேண்டாம், உள்தாழ்ப்பாள் போதும். உடை மாற்றும் மேடை அப்பாக்களும் போகக்கூடிய இடத்தில் இருக்கட்டும், பல வீடுகளில் டயப்பர் மாற்றுவது அவர்கள்தான்.

கிடைமட்டக் கம்பிகளை மாற்றும்வரை வலையாவது கட்டுங்கள். இதற்கு மட்டும் விடுமுறைக் காலம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்யலாம்.

விடுதி அறைகளுக்குள் கரிச்சட்டி கூடாது என்று உத்தரவு போடுங்கள். கேஸ் கீசர் உள்ள குளியலறைகளைச் சோதியுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத விடுதிக்கு உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள்.

அடுத்த முறை இப்படி எதையாவது மூடுவதற்கு முன், கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாயையும் காட்சிமுனையில் கடை வைத்திருக்கும் பெண்களில் ஒருவரையும் கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்பதை 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். மலை அடிவாரத்தில், வண்டிகள் ஏறத் தொடங்கும் இடத்தில் அதைப் பலகையாக வையுங்கள். பிள்ளைகளோடு வருபவர்கள் படித்துவிட்டு ஏறட்டும்.

இப்படிக்கு,
இரண்டு சிறு பிள்ளைகளின் தாய்